வான்கோழி என்ற பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைப் பலகையில் 'டர்க்கி பிரியாணி' என்று பார்த்துவிட்டு, இது துருக்கி நாட்டுச் சமையலா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. பறவைக்கும் நாட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான் வெகுகாலம் இருந்தது. இந்தப் பறவையின் பெயரைச் சுற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

வான்கோழியும் டர்க்கியும் ஒன்றுதானா?

ஒன்றுதான். நம் ஊர்ப் பண்ணைகளில் வளர்வதும், அமெரிக்காவில் நவம்பர் மாதம் நன்றி நவிலல் நாளில் மேசைக்கு வருவதும், அந்நாட்டுக் காடுகளில் வேட்டைக்காரர்கள் தேடிப் போவதும் ஒரே இனம். பிறப்பிடம் வட அமெரிக்கா. மெக்சிகோ மக்கள் இதை ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். உடன்பிறப்பு போல இன்னொரு இனம் யுகட்டான் தீபகற்பத்தில் இருக்கிறது. வால் இறகில் மயில் கண் மாதிரிப் புள்ளிகள் கொண்டது. அது காட்டோடு சரி, பண்ணைக்கு வரவில்லை.

அமெரிக்கப் பறவைக்குத் துருக்கியின் பெயர் எப்படி ஒட்டியது?

ஆள்மாறாட்டம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து கினிக்கோழி என்ற புள்ளிபோட்ட கோழி துருக்கி ஆட்சிப் பகுதிகளின் வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்தது. அதை ஆங்கிலேயர்கள் துருக்கிச் சேவல், துருக்கிக் கோழி என்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் மெக்சிகோவிலிருந்து இந்தப் பெரிய பறவையைக் கொண்டுவந்ததும், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். குழப்பம் தெளிந்தபோது ஆப்பிரிக்கக் கோழிக்கு 'கினி' என்ற பெயர் கிடைத்தது. துருக்கிப் பட்டம் புதிதாக வந்தவனிடமே தங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் தூர தேசத்திலிருந்து எது வந்தாலும் துருக்கிச் சரக்கு என்று சொல்வது அங்கே பழக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளத்துக்கே துருக்கிக் கோதுமை என்று பேர் வைத்தவர்கள் அவர்கள். நாம் ஊர்பேர் தெரியாத செடிக்கெல்லாம் 'சீமை' போடுவதில்லையா, அந்த மாதிரி.

அறிவியல் பெயரும் தப்பவில்லை. 1758இல் சுவீடன் இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் வைத்த பெயர் மெலியாகிரிஸ் கல்லோபாவோ. மெலியாகிரிஸ் என்பது கிரேக்கத்தில் கினிக்கோழி. 'கல்லோபாவோ'வில் கோழியும் மயிலும் சேர்ந்திருக்கின்றன. ஆக, இந்தப் பறவையின் அறிவியல் பெயரில் கினிக்கோழி, கோழி, மயில் மூன்றும் உண்டு. வான்கோழி மட்டும்தான் இல்லை!

அப்படியானால் துருக்கியர்கள் இதை என்னவென்று சொல்கிறார்கள்?

'ஹிந்தி' என்று. இந்தியாவைச் சேர்ந்தது என்று பொருள். அவர்கள் பழியை நம் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

2022 ஜூனில் ஐ.நா. சபை அந்நாட்டின் பெயரை 'துர்க்கியே' என்று மாற்றி ஏற்றுக்கொண்டது. பறவையோடு சேர்த்துக் கிண்டல் செய்யப்படுவது பிடிக்காததும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

மற்ற மொழிகளில்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஏறக்குறைய எல்லோரும் இது வேறு யாருடைய ஊரிலிருந்தோ வந்தது என்று சொல்கிறார்கள். சரியான ஊரைச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

பிரெஞ்சில் 'தாந்த்'. இந்தியாவின் கோழி என்ற தொடர் சுருங்கி இப்படி ஆனது. போலிஷில் 'இந்திக்', ரஷ்ய மொழியில் 'இந்தியுக்', ஹீப்ருவில் 'தர்னெகோல் ஹோது', அதாவது இந்தியச் சேவல். (ஹீப்ருவில் 'ஹோது' என்ற ஒலிக்கு நன்றி சொல்லுங்கள் என்றும் பொருள் வரும். நன்றி நவிலல் நாளன்று அமெரிக்க யூதர்கள் இதை வைத்துச் சிலேடை பேசுவதுண்டு.) இந்தியா என்று இவர்கள் சொல்வதற்குக் கொலம்பஸ் முக்கியக் காரணம். 1492இல் தான் போய்ச் சேர்ந்த இடம் இந்தியாதான் என்று அவர் நம்ப, ஐரோப்பா அந்தக் கண்டத்தை நெடுங்காலம் 'இந்தியா' கணக்கிலேயே வைத்திருந்தது.

எகிப்து அரபியில் இது ரோமானியச் சேவல். லெபனான், சிரியா பக்கம் போனால் அபிசீனிய, அதாவது எத்தியோப்பியச் சேவல். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பிரெஞ்சுக் கோழி. வியட்நாமியர்கள் மேற்கத்திக் கோழி என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மலேசியாவில் 'ஆயாம் பெலாண்டா', அதாவது டச்சுக்காரன் கோழி. அங்கே முள்ளுச் சீத்தாவுக்கும் 'டுரியான் பெலாண்டா' என்றுதான் பேர். அதுவும் அமெரிக்கச் சரக்கு. டச்சுக் கப்பலில் ஏறி இறங்கியதெல்லாம் டச்சுக்காரனுடையது ஆகிவிட்டது.

போர்த்துக்கீசியர்கள் 'பெரு' என்றார்கள். மெக்சிகோ எங்கே, பெரு எங்கே! ஆனால் ஸ்பானியர்களின் அமெரிக்காவையே பெரு என்று சொல்லிவிடும் வழக்கம் அப்போது இருந்தது. கண்டமாவது சரியாக இருக்கிறதே என்று இவர்களுக்குப் பாதி மதிப்பெண் போடலாம். இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் 'பேரு', 'பெரு' போர்த்துக்கீசியர் விட்டுப்போன இந்தச் சொல்தான்.

முழு மதிப்பெண் மெக்சிகோக்காரர்களுக்கு. 'குவாஹோலோத்தே' என்று தங்கள் பழைய நாவாட்டில் மொழிச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். சொந்த ஊர்க்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது என்ற குழப்பம் இல்லை, பாருங்கள்.

கள்ளிக்கோட்டைக்கும் வான்கோழிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பெயரளவில் உண்டு. டச்சு மொழியில் வான்கோழிக்கு 'கல்கூன்' என்று பெயர். கள்ளிக்கோட்டைக் கோழி என்பதன் தேய்ந்த வடிவம் அது. 1498இல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கிய பிறகு ஐரோப்பியர்களுக்குக் கிழக்கு என்றாலே அந்தத் துறைமுகம்தான் நினைவுக்கு வந்தது. டென்மார்க்கில் 'கல்குன்', சுவீடனில் 'கல்கோன்', பின்லாந்தில் 'கல்க்குனா', லிதுவேனியாவில் 'கலகூதாஸ்'. பால்டிக் கடலோரத்தில் பல நாடுகளில் நம் மலபார்க் கரை ஊரின் பெயரைச் சொல்லித்தான் இந்தப் பறவையைச் சமைக்கிறார்கள்.

அந்தச் சொல் திரும்பவும் இந்தப் பக்கமே வந்தது. டச்சுக்காரர்கள் இலங்கைக் கரையைப் பிடித்தபோது 'கல்கூனும்' கூடவே வந்து, சிங்களத்தில் 'களுகுமா' ஆனது. கள்ளிக்கோட்டைக்கும் கொழும்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? இந்தச் சொல் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. இலங்கைத் தமிழர்களுக்கு அது தேவைப்படவில்லை. அவர்களும் வான்கோழி என்றே சொல்கிறார்கள். இந்தோனேசியாவிலும் 'கல்குன்' உண்டு, அதே டச்சு வழியில்.

கள்ளிக்கோட்டையின் மலையாளப் பெயரான கோழிக்கோடு என்பதிலேயே கோழி இருப்பது தற்செயல்தான். அது தெரிந்து டச்சுக்காரர்கள் பேர் வைக்கவில்லை.

வான்கோழி என்பதில் 'வான்' எதற்கு? அது வானத்தில் பறக்குமா?

பண்ணை வான்கோழி பறக்காது. காட்டு வான்கோழி பறக்கும். கொஞ்ச தூரம்தான், ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில். இரவில் மரக்கிளையில்தான் அடையும். ஆனாலும் வானத்தைச் சொல்லி அடையாளப்படுத்தும் அளவுக்கு அது ஒன்றும் பருந்து இல்லை.

'வான்' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் பெருமை, சிறப்பு என்ற பொருள்களும் உண்டு. பெரிய கோழி என்று எடுத்துக்கொண்டால் பறவைக்கும் பெயருக்கும் பொருந்துகிறது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. எது எப்படியோ, எந்த நாட்டையும் இழுக்காமல் பெயர் வைத்த வெகுசில மொழிகளில் தமிழும் ஒன்று. சீனர்கள் நெருப்புக்கோழி என்கிறார்கள். (நாம் நெருப்புக்கோழி என்பது வேறு பறவை, அதைச் சீனத்தில் சொல்லிக் குழப்பிவிடாதீர்கள்.)

"கான மயிலாட" பாட்டில் வருவது இந்த வான்கோழிதானா?

ஔவையாரின் மூதுரைப் பாட்டு, தமிழ் படித்த எல்லோருக்கும் பாடம்:

கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி
தானும் அதுவாகப் பாவித்துத் தானும்தன்
பொல்லாச் சிறகைவிரித்து ஆடினாற் போலுமே
கல்லாதான் கற்ற கவி.

காட்டு மயில் ஆடியதைப் பார்த்த வான்கோழி, தன்னையும் மயிலாக நினைத்துக்கொண்டு, தன் அழகில்லாத சிறகை விரித்து ஆடியதாம். முறையாகப் படிக்காதவன் கவிதை சொல்வதும் அப்படித்தானாம்.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. நீதி நூல்கள் பாடிய ஔவையாரை 12ஆம் நூற்றாண்டு வாக்கில் வைப்பது வழக்கம். அமெரிக்கப் பறவை 1492க்கு முன்னால் கடல் தாண்டியிருக்க வழியே இல்லை. எனவே இரண்டில் ஒன்று: பாட்டு நாம் நினைப்பதைவிடப் பிந்தியது; அல்லது பாட்டில் உள்ள வான்கோழி வேறொரு பறவை, பின்னாளில் கப்பலில் வந்த பறவைக்கு அந்தப் பழைய பெயர் ஏறிவிட்டது.

இரண்டாவது வழி ஒன்றும் விசித்திரமானதல்ல. ஆங்கிலத்தில் நடந்ததும் அதுதானே? கினிக்கோழியின் பெயர்தானே டர்க்கிக்குப் போனது? தமிழிலேயே இன்னொரு உதாரணம் அதே வரியில் இருக்கிறது. இன்று பறவை ஆர்வலர்கள் 'கானமயில்' என்று சொல்வது, ராஜஸ்தான் புல்வெளியில் மிஞ்சியிருக்கும் அந்தப் பெரிய, அருகிப்போன பறவையை. பாட்டிலோ காட்டில் உள்ள சாதாரண மயில் என்றுதான் எல்லோரும் பொருள் கொள்கிறோம். முதல் வரியின் ஒரு பறவைப் பெயருக்கே இப்படி இரண்டு பொருள் இருக்கும்போது, அடுத்த பெயருக்கு இருக்கக் கூடாதா என்ன?

வான்கோழி உண்மையிலேயே மயிலைப் பார்த்து ஆடுகிறதா?

இல்லை, பாவம். மயிலே இல்லாத கண்டத்தில் பிறந்து வளர்ந்த பறவை, யாரைப் பார்த்து ஆடும்? அந்த ஆட்டம் அதற்கே சொந்தம். பெட்டையைக் கவர்வதற்காக வாலை விசிறியாக விரித்து, உடம்பைப் பந்து போல உப்பவைத்து, இரண்டு சிறகின் நுனியும் தரையில் உரச, மெல்ல நடைபோடும். அப்போது சிறகு மண்ணில் 'சர்'ரென்று இழுபடும் சத்தம் பக்கத்தில் நின்றால் கேட்கும்.

நியாயமாகப் பார்த்தால் இங்கே அசல் யார் என்பதே கேள்வி. மயில் விரிக்கும் தோகை அதன் வால் அல்ல. வாலுக்கு மேலே முளைக்கும் மூடு இறகுகள் நீண்டு தோகையாகின்றன. உண்மையான வால் குட்டையானது. தோகைக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கிறது. வான்கோழி விரிப்பதோ நிஜ வாலை.

இருந்தாலும் மயில் நினைப்பு வந்தது நமக்கு மட்டும் இல்லை. ஸ்பானிய மொழியில் வான்கோழிக்கு 'பாவோ' என்று பெயர். அது முதலில் மயிலின் பெயர். வான்கோழி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டதால் மயில் அங்கே 'பாவோ ரெயால்', ராஜ மயில், என்று அடைமொழி போட்டுக்கொண்டு நிற்கிறது. மூதுரைக்கு நேர் எதிரான கதை.

'பச்சோந்தி' என்று இதைச் சொல்கிற மொழி எது?

பாரசீகம். 'பூகலமூன்' என்றால் பச்சோந்தி, வான்கோழி இரண்டுமே. ஜப்பானியர்கள் 'ஷிச்சிமென்ச்சோ', ஏழு முகப் பறவை, என்கிறார்கள். கொரியாவிலும் அதே பொருள்தான். இவர்கள் எல்லோரும் ஊரைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள்.

வான்கோழிச் சேவலின் தலையிலும் கழுத்திலும் இறகு கிடையாது, வெறும் தோல். அது கோபத்திலும் ஆசையிலும் பயத்திலும் நிறம் மாறும்: சிவப்பு, வெளுப்பு, நீலம். தோலுக்குள் இருக்கும் நுண்ணிய நார்களுக்கு நடுவே ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவை விரியும்போது ரத்தச் சிவப்பு தெரியும். சுருங்கும்போது நார்களில் ஒளி சிதறி நீலமாகவும் வெள்ளையாகவும் தெரியும். அலகுக்கு மேலே தொங்கும் சதையைக் கவனியுங்கள்: சும்மா இருக்கும்போது சுண்டுவிரல் அளவில் சுருங்கியிருப்பது, சேவல் ஆட்டம் போடும்போது நீண்டு அலகைத் தாண்டித் தொங்கும்.

இதை அருமையாக எழுதிவைத்தவர் முகலாய மன்னர் ஜஹாங்கீர். 1612இல் அவருடைய அதிகாரி முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த விநோதப் பிராணிகளில் ஒரு வான்கோழி இருந்தது. பெண் மயிலைவிடப் பெரியது, ஆண் மயிலைவிடச் சிறியது. மயில் போல விரித்து ஆடுகிறது. தலையும் கழுத்தும் ஒரு நேரம் பவளம் பதித்த மாதிரிச் சிவப்பாகவும், இன்னொரு நேரம் பஞ்சு போல வெள்ளையாகவும், சில நேரம் நீலப்பச்சையாகவும், பச்சோந்தி மாதிரி மாறுகின்றன என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். ஓவியர் மன்சூரை விட்டு வரையவும் சொன்னார். அந்த ஓவியம் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த மன்னருக்கு அந்தப் பறவையின் பெயரைச் சொல்ல அரண்மனையில் ஆள் இல்லை.

இதை ஏன் வேட்டைப் பறவை என்கிறார்கள்? பண்ணைக் கோழிதானே?

நமக்குப் பண்ணைக் கோழி. அமெரிக்காவில் காட்டு வான்கோழி இன்றும் உரிமம் வாங்கி, பருவம் பார்த்து வேட்டையாடப்படும் பறவை. வேட்டையாடித் தீர்த்தும் காட்டை அழித்தும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அடியோடு இல்லாமல் செய்துவிட்டார்கள். பிறகு காட்டுப் பறவைகளை வலைவீசிப் பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டு, மறுபடி பெருக்கினார்கள்.

வசந்தகால வேட்டை முழுக்கக் குரல் வேலை. சிறு சிலேட்டு வில்லையில் மரக்குச்சியைத் தேய்த்தால் பெட்டை கூப்பிடுவது போலவே ஒலி வரும். அதைக் கேட்டுச் சேவல் 'களகள'வென்று பதில் கொடுத்துக்கொண்டே நெருங்கி வரும். நம் ஊரில் சிறுவர்கள் விசில் அடித்து வான்கோழியைக் கத்தவைப்பார்களே, அதே குணம்தான். திடீர்ச் சத்தம் எது கேட்டாலும் சேவல் பதில் சொல்லாமல் இருக்காது.

வான்கோழியை அமெரிக்காவின் தேசியப் பறவையாக்க அந்நாட்டுத் தலைவர் பெஞ்சமின் பிராங்ளின் கேட்டாரா?

கேட்கவில்லை. 1784இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு சங்கத்தின் பதக்கத்தில் இருந்த கழுகு வான்கோழி மாதிரி இருக்கிறது என்று மற்றவர்கள் குறை சொன்னதைப் பற்றிப் பேசுகிறார். கழுகு அடுத்தவர் இரையைப் பறித்துத் தின்னும் பறவை, வான்கோழி அதைவிட மரியாதைக்குரியது, கொஞ்சம் வீண்பெருமையும் அசட்டுத்தனமும் இருந்தாலும் துணிச்சலானது என்கிறார். அவ்வளவுதான். ஔவையார் சொன்ன 'வீண்பெருமை' இங்கேயும் எட்டிப் பார்க்கிறது.

ஆங்கிலப் பேச்சில் 'டர்க்கி' வந்தால் என்ன பொருள்?

இடத்தைப் பொறுத்தது. ஓடாத படம், எடுபடாத நாடகம் டர்க்கி. அசடனையும் அப்படிச் சொல்வார்கள். பௌலிங் விளையாட்டில் தொடர்ந்து மூன்று முறை எல்லாக் கட்டைகளையும் ஒரே வீச்சில் சாய்த்தால் அது டர்க்கி. இங்கே மட்டும் பாராட்டு. 'டாக் டர்க்கி' என்றால் சுற்றி வளைக்காமல் காரியத்தைப் பேசுவது. 'கோல்டு டர்க்கி' என்றால் சிகரெட்டையோ போதைப் பொருளையோ படிப்படியாகக் குறைக்காமல் ஒரேயடியாக நிறுத்துவது. அதை 'குளிர்ந்த வான்கோழி' என்று மொழிபெயர்த்த வசன வரிகளை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

தமிழில் இத்தனை வகை இல்லை. 'வான்கோழி' என்று ஒருவரைச் சொன்னால் பெரும்பாலும் அந்த மூதுரைப் பொருள்தான்: தனக்கு வராததை வரும் என்று நினைத்துக்கொண்டு செய்பவர்.

வாங்கோழியா, வான்கோழியா? குஞ்சுக்கும் சேவலுக்கும் தனிப் பெயர் உண்டா?

எழுதும்போது வான்கோழி. பேச்சில் வாங்கோழி என்று ஒலிப்பது இயல்பு. ஆங்கிலத்தில் சேவலுக்கும் பெட்டைக்கும் குஞ்சுக்கும் இளம் சேவலுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. நமக்கு வான்கோழிச் சேவல், வான்கோழிப் பெட்டை, வான்கோழிக் குஞ்சு என்பதே போதும். முட்டை பொரிக்க 28 நாள், நாட்டுக்கோழியைவிட ஒரு வாரம் கூடுதல்.

'டர்க்கி டவல்' வான்கோழி இறகில் செய்ததா?

இல்லை, அது பருத்தி நூல். சுருள் சுருளாக நூல் தூக்கிய அந்தத் துண்டு துருக்கிக் குளியலறைகளின் வழக்கத்திலிருந்து வந்தது. இந்த ஒரு டர்க்கி மட்டும் சரியான நாட்டைச் சொல்கிறது.